வால்வுச் சாவி

பெருவிரல் மேட்டில் ஒரு வில்லை, விரல் நுனியில் ஒன்று,
வியர்வையில் ஒட்டாததால் மேலே பிளாஸ்திரி.
"கரண்டு வைக்கப்போறேன் அண்ணே, சுண்டி இழுக்கும்"
என்றதும் எல்லோரும் பல்லைக் கடிப்பார்கள்.
ஒச்சப்பன் கடிக்கவில்லை.
"வையி. நான் சொல்லித்தான் கேக்க மாட்டேங்குது,
நீ சொன்னாவாச்சும் துள்ளுதான்னு பாப்போம்."

செல்லூரில் பதினேழு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.
ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. அது நின்ற பத்தாம் நாள்
காலில் செருப்பு நிற்கவில்லை.
மறுநாள் படி ஏற முடியவில்லை. அதற்கும் மறுநாள்
மூன்றடி இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கியவர்
திருப்ப மாட்டாமல்
அதைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.
விடிகாலை நாலரை. குடத்தோடு நின்றவர்கள்
குடித்திருக்கிறார் என்றார்கள்.

முழங்கையில் ஒரு சொடுக்கு, மணிக்கட்டில் ஒரு சொடுக்கு.
இடைத்தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து
நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம்.
நொடிக்கு ஐம்பது மீட்டராவது வேண்டும்.
இருபத்துமூன்று.
கை குளிர்ந்திருந்தால் வேகம் குறையும் என்று
ஏசியை அணைத்து, துணியில் சுற்றிவைத்து மறுபடி பார்த்தேன்.
அக்னி நட்சத்திரத்து மதுரையில் எந்தக் கை குளிரும்.
இருபத்துமூன்று.

"உள்ள என்னதான் ஓடுது?"

பதினொரு வருடமாக ரிப்போர்ட் அடிக்கிறேன்,
இதைக் கேட்டவர் இல்லை.
கரண்டுதான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

நரம்பிழைக்கு வெளியே உப்பு நிற்குது அண்ணே,
உங்க வியர்வையில் கரிக்கிற அதே சோடியம்.
உள்ளே பொட்டாசியம். நடுவில் ஒரு சவ்வு.
சவ்வு நெடுக வால்வுகள்.
ஒரு பம்ப், நீங்கள் தூங்கும்போதும்,
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடி இருக்கும்.
தின்ற சோற்றில் ஒரு பங்கு அதற்கே சரி.
லேசாகத் தட்டினால் ஒன்றும் நடக்காது.
எல்லை தாண்டித் தட்டினால் வால்வு திறக்கும்,
உப்பு உள்ளே பாயும், அந்தப் பாய்ச்சலில்
பக்கத்து வால்வு திறக்கும், பிறகு அதற்கடுத்தது.
திறந்தது உடனே பூட்டிக்கொள்ளும்.
கொஞ்சநேரம் யார் தட்டினாலும் திறக்காது,
அதனால் போன செய்தி பாதியில் திரும்பாது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"இரு, இரு. உப்பு குறுக்காலதான உள்ள போகுது?
நெடுக போகலையில்ல?"
ஆமாம்.
"அப்ப தண்ணி ஓடல.
தெறப்புதான் ஓடுது."

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
சுருட்டியதை மறுபடி பிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

இழைமேல் கொழுப்பு உறை சுற்றியிருப்பதையும்
இடைவெளிக்கு இடைவெளி திறப்பு தாவிப் போவதையும்
வயிற்றுக் கிருமியைத் தேடிப்போன அவர் ரத்தமே
ஜாடை ஒத்திருந்ததால் அந்த உறையைக் கடித்ததையும்
டாக்டர் மாலையில் விளக்குவார் என்றேன். விளக்கியும் விட்டேன்.
"ஆளு தெரியாம அடிச்சிருக்கு" என்றார்.

கடைசிச் சோதனை. மணிக்கட்டில் வைக்கிற சொடுக்கு
விரலுக்கும் இறங்கும், மேலேயும் ஏறும்.
முதுகுத்தண்டுவரை போய்க் கதவைத் தட்டிவிட்டு
சில நேரம் குட்டி அலையாக இறங்கி வரும்.
இருபது சொடுக்கு.
இருபது முறையும் வெறுங்கோடு.
அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

ஆவணியில் வாக்கரோடு வந்தார்.
வேகம் முப்பத்தொன்பது.
எட்டுச் சொடுக்குக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாவதில்,
நாற்பத்திரண்டு மில்லிசெகண்ட் கழித்து,
கோட்டில் அரிசி மணி அளவு ஒரு மேடு.
"வந்துருச்சா?"
லேட்டு, என்றேன்.
"செல்லூருக்கு என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு?"
என்று பெருவிரலை ஒருதரம் மடக்கினார்.

நான் சொடுக்கு வைக்கவில்லை.